மாபெரும் வீரர்களின் மாபெரும் தோல்விகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்பது வென்றவர்களைப் போற்றும் நாள். இதோ, இந்த மேசையின்மேல் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பெறவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் முகங்களில் மகிழ்ச்சி தவழ்கின்றது. அவர்களை வாழ்த்துவதில் நான் எவருக்கும் பின்தங்கியவன் அல்லேன். ஆயினும், இன்று தோற்றவர்களைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகின்றேன். எட்டு அணிகள் ஆடும் போட்டியில் கோப்பை ஒன்றுதான். மற்ற ஏழு அணிகளும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகின்றன. ஆகவே, எந்த மைதானத்திலும் பெரும்பான்மையோர் தோற்றவர்களே. பெரும்பான்மையோரைக் குறித்துப் பேசுவது மக்களாட்சிக்கும் ஏற்புடையதுதானே!

நம் பிள்ளைகள் பலர் விரும்பி ஆடுவது கூடைப்பந்து. 1891ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாட்டித் தொடங்கி வைத்த ஆட்டம் அது. 1920ஆம் ஆண்டு சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி போன்ற நிலையங்களில் பயின்ற ஆசிரியர்கள் வாயிலாக அது நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. பத்தடி உயரத்தில் ஒரு வளையம், அதற்குள் பந்தைப் போட வேண்டும், அவ்வளவே. ஆயினும், அந்த வளையத்தின் முன்னே மலை போன்ற வீரர்களும் தடுமாறியிருக்கின்றனர். அவர்கள் தடுமாறிய கதைகளில், அவர்கள் வென்ற கதைகளைவிடக் கூடுதலாக நாம் கற்றுக்கொள்ள இடமுண்டு.

கண்டீரவா அரங்கில்

தொலைவில் உள்ள நாடுகளுக்குப் போகுமுன் நம் பெங்களூரு நகரிலிருந்தே தொடங்குவோம். 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் ஆசிய மகளிர் கூடைப்பந்துக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டிகள் நடைபெற்றன. இறுதி ஆட்டத்தில் இந்திய மகளிர் கசகஸ்தான் அணியை 75க்கு 73 என்னும் கணக்கில், இரண்டே புள்ளி வேறுபாட்டில் வென்று முதற் பிரிவுக்கு ஏறினர். அந்த அணியில் ஆடியவர்களுள் ஒருவர் சென்னை வீராங்கனை அனிதா பால்துரை. 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், அதே அரங்கில் முதற் பிரிவுப் போட்டிகள் நடைபெற்றன. ஜப்பானும் சீனாவும் கொரியாவும் ஆஸ்திரேலியாவும் வந்திருந்தன. எட்டு நாடுகள் ஆடின. இந்தியா எட்டாம் இடத்தையே பெற்றது. சொந்த நாட்டில், சொந்த மக்களின் கண்முன்னே கடைசி இடம்! 2017இன் வெற்றியை நினைவு கூர்வோர் பலர். 2019ஐ எவரும் எடுத்துப் பேசுவதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பிரிவிலேயே தங்கியிருந்தால் அந்தக் கடைசி இடம் வந்திராது. மேலே ஏறியதனாலன்றோ அவர்கள் வலிமை மிக்காரிடம் தோற்க நேர்ந்தது? சில தோல்விகள், நாம் எவ்வளவு உயரம் ஏறி வந்தோம் என்பதற்குச் சான்றாக நிற்பவை. அவற்றை மறைப்பானேன்?

நூறு புள்ளி எடுத்தவரின் நாணம்

இனி அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். வில்ட் சேம்பர்லின் என்று ஒரு வீரர், ஏழடிக்கும் மேற்பட்ட உயரம், யானையின் வலிமை. 1962ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகமாகிய என்.பி.ஏ.யின் வரலாற்றில் வேறெவரும் இன்றுவரை அந்த எண்ணை எட்டியதில்லை.

இத்தகையவருக்கும் ஒரு குறை இருந்தது. எதிராளி தவறிழைத்தால், கோட்டருகே தனியே நின்று வளையத்தை நோக்கிப் பந்தை எறியும் வாய்ப்பு வழங்கப்படும். ஃப்ரீ த்ரோ என்று பிள்ளைகள் சொல்வது அதனைத்தான். தடுப்பார் எவருமில்லை, தொலைவு பதினைந்தே அடி. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய அந்த எறிவில், சேம்பர்லின் தம் ஆட்டக் காலம் முழுவதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 51 அளவே வெற்றி கண்டார்.

அதற்கு மருந்தே இல்லையா எனில், இருந்தது. இரு கைகளாலும் பந்தைப் பற்றி, முழங்காலருகிலிருந்து மேல்நோக்கி வீசும் முறை ஒன்றுண்டு. ரிக் பாரி என்னும் வீரர் அம்முறையில் எறிந்து நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் போட்டார். சேம்பர்லினும் 1961-62 பருவத்தில் அவ்வாறு எறிந்து பார்த்தார். அவர் கணக்கு நூற்றுக்கு 61 ஆக உயர்ந்தது. நூறு புள்ளி எடுத்த அந்நாளில் 32 வாய்ப்புகளில் 28ஐப் போட்டார்! ஆனால் பின்னர் அம்முறையைக் கைவிட்டார். 1967-68 பருவத்தில் அவர் கணக்கு நூற்றுக்கு 38 ஆகச் சரிந்தது. பயன் தந்த வழியை ஏன் விட்டார்? பார்ப்பவர் சிரிப்பார்களே என்ற கூச்சம்! அம்முறையில் எறிய நாணியதையும், அதை விட்டது தவறென்று தமக்கே தெரிந்திருந்ததையும் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த நாணத்துக்கு ஒரு நாள் கணக்குத் தீர்க்க நேர்ந்தது. 1969ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் லேக்கர்ஸ் அணிக்கும் பாஸ்டன் அணிக்கும் பட்டத்தை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம். சேம்பர்லின் அப்பொழுது லேக்கர்ஸ் அணியில் இருந்தார். வெற்றி தமதே என்று நம்பிய அணி உரிமையாளர், ஆயிரக்கணக்கான பலூன்களை அரங்கின் கூரையில் வலை கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆட்டம் முடிந்தபோது பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன. அன்று சேம்பர்லினுக்குக் கிட்டிய தனி எறிவுகள் 13. உள்ளே சென்றவை 4. இரண்டு புள்ளியில் நழுவிய ஆட்டம் அது! தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், தவறிய அந்த ஒன்பது எறிவுகளை எவர் மறக்க முடியும்?

வெண்ணிப் பறந்தலையும் வெஸ்ட்டும்

அதே ஆட்டத்தில், அதே அணியில் இன்னொரு வீரர் இருந்தார். அவர் பெயர் ஜெர்ரி வெஸ்ட். தொடைத் தசை வலியோடு ஆடிய அவர், அன்று 42 புள்ளிகள் எடுத்தார். அவருக்கு அது ஆறாவது இறுதித் தொடர், ஆறிலும் தோல்வி, ஆறும் பாஸ்டன் அணியிடமே! ஆயினும் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது, அவ்வாண்டில்தான் முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட அந்த விருது, வென்ற அணியினர் எவருக்கும் செல்லாமல், தோற்ற வெஸ்ட்டுக்கே வழங்கப்பட்டது. தோற்ற அணியிலிருந்து அவ்விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

இதனைப் படித்தபோது என் நெஞ்சம் புறநானூற்றுக்குச் சென்றது. வெண்ணிப் பறந்தலையில் கரிகால் வளவனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் பொருதனர். சோழன் வென்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவிப் புண்ணாக்கியதால், அதனைப் புறப்புண்ணாகக் கருதி நாணிய சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனிடமே, நின்னைவிட அவனன்றோ நல்லவன் என்று கேட்கும் பொருள்படப் பாடினார். தோற்றவனின் உயர்வை வென்றவன் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் நெஞ்சுரம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் புலமைக்கு இருந்தது. ஆகவே, தோற்றவனைப் போற்றுவது நமக்குப் புதிய பண்பன்று.

ஆனால் இங்கே நாம் ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். சேரமானின் நாணம் ஒரு மன்னனின் நாணம். அவன் காலத்துப் போர் அறத்தோடு பிறந்த நாணம். அதனை நாம் வணங்குவோம். அதற்காக, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோள்மேல் அந்தப் பாரத்தை ஏற்றலாமா? வள்ளுவப் பெருந்தகை நாணுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தகாத செயலுக்கு நாணுவதையே அவர் அங்கு வற்புறுத்துகின்றார். முயன்று தோற்றதற்கு நாணுமாறு கூறவில்லை. துன்பம் வந்தபோது கலங்காதிருக்க இடுக்கணழியாமை என்று தனியே இன்னோர் அதிகாரத்தையும் தந்தார். நாமோ இரண்டையும் குழப்பிக்கொண்டோம். பொய் சொன்ன பிள்ளையை மன்னித்து விடுகின்றோம். தோற்று வந்த பிள்ளையைத் தலைகுனிய வைக்கின்றோம்.

வெஸ்ட் தலைகுனிந்து ஒதுங்கவில்லை. 1970இல் ஏழாம் முறையும் இறுதித் தொடரில் தோற்றார். 1972இல், எட்டாம் முறை, பட்டம் வந்தது. 1973இல் மீண்டும் தோல்வி. ஒன்பது இறுதித் தொடர்களில் ஒரே ஒரு வெற்றி! கணக்கு நோட்டில் எழுதினால் இது நட்டக் கணக்கு. ஆயினும், என்.பி.ஏ.யின் சின்னத்தில் பந்தோடு விரையும் உருவம் வெஸ்ட்டின் படத்தைப் பார்த்து வரையப்பட்டதே.

மைக்கேல் ஜோர்டன் பெயரை அறியாத பிள்ளை இங்கு இராது. 1978ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், அவர் தம் பள்ளியின் முதன்மை அணியில் இடம் பெறவில்லை. இளையோர் அணிக்கே அனுப்பப்பட்டார். நாம் அறிந்த குடும்பங்களில் என்ன நடந்திருக்கும்? “உனக்கு இது சரிப்படாது, புத்தகத்தை எடு” என்று கூறியிருப்போம். ஜோர்டன் அந்த இளையோர் அணியிலேயே ஆடினார்; வளர்ந்தார். பின்னர், உலகமே கொண்டாடிய காலத்தில் கூடைப்பந்தை விட்டு, 1994இல் பேஸ்பால் ஆடச் சென்றார். அங்குக் கீழ்நிலை ஆட்டக்காரர்களோடு ஆடி, சிறப்பேதும் பெறாமல் திரும்பினார். 1995இல் மீண்டும் கூடைப்பந்துக்கு வந்தும், அவ்வாண்டு அவர் அணி ஆர்லாண்டோ அணியிடம் தோற்று வெளியேறியது. அதன் பின்னரே 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள்!

நம்மவர் இருவர்

இதுவரை கேட்ட நீங்கள், “தோற்றவர் எல்லாம் இறுதியில் வெல்வார்கள்” என்று நான் சொல்லப் போவதாக எண்ணலாம். அவ்வாறு சொன்னால் அது பொய்யாகும். நம் தமிழகம் தந்த டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணனை எண்ணிப் பாருங்கள். 1954இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றவர். 1960இல் ஆடவர் அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961இல் கால் இறுதியில் ராய் எமர்சனை வென்று, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். 1962இல் கணுக்கால் காயத்தால் இடையிலேயே விலகினார். அந்தப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆயினும் 1966இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றவர்களுள் தலையாயவர் அவரே. நெருங்கி வந்தும் கிட்டாத ஒன்றைக் குறித்துக் கசந்து போகாமல், அடுத்த ஆட்டத்துக்கு மட்டையை எடுத்தார். எல்லாத் தோல்வியும் வெற்றிக்குப் படிக்கட்டு ஆகிவிடாது. சில தோல்விகள் தோல்விகளாகவே நின்றுவிடும். அவற்றோடும் தலை நிமிர்ந்து வாழலாம் என்பதே அவர் கற்பித்த பாடம்.

அடுத்து, விசுவநாதன் ஆனந்த். மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். ஐந்து முறை உலகச் சதுரங்கப் பட்டம் வென்றவர். 2013ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் பட்டத்தைக் காக்க அவர் ஆட வேண்டிய இடம் எது தெரியுமா? அவர் வளர்ந்த சென்னை மாநகரமே! எதிரே அமர்ந்தவர் நார்வே நாட்டு மேக்னஸ் கார்ல்சன், வயது 22. பத்து ஆட்டங்கள் நடந்தன. ஏழு சமன், மூன்று தோல்வி, ஒரு வெற்றியும் இல்லை. ஒன்பதாம் ஆட்டத்தில் துணிந்து தாக்கச் சென்று, 28ஆம் நகர்வில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரியின் அடுத்த நகர்வோடு ஆட்டம் முடிந்தது. பெற்றோரும் உற்றாரும் ஊராரும் பார்த்திருக்க, பிறந்த மண்ணில் பட்டம் பறிபோனது. வயதோ 44ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இதனினும் பெரிய தோல்வி ஒரு வீரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஓய்வு பெறும் காலம் வந்தது என்றே பலரும் பேசினர். ஆனந்த் என்ன செய்தார்? நான்கே திங்கள் கழித்து, 2014 மார்ச்சில், உருசிய நாட்டின் காந்தி-மன்சீஸ்க் நகரில், உலகப் பட்டத்துக்கு அறைகூவல் விடுக்க உரிமை தரும் போட்டியில், மற்ற ஏழு பேரோடு சமமாக ஒரு பலகையில் அமர்ந்தார். முன்னாள் உலக வீரன் என்ற பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றார். ஓர் ஆட்டமும் தோற்காமல் அப்போட்டியை வென்றார்! அவ்வாண்டு நவம்பரில் சோச்சியில் கார்ல்சனிடம் மீண்டும் தோற்றார் என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். 2017இல், 48ஆம் வயதில், ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அப்போட்டியில் கார்ல்சனையும் ஓர் ஆட்டத்தில் வீழ்த்தினார்.

சேம்பர்லினுக்கும் ஆனந்துக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆற்றலில் இருவரும் ஈடிணையற்றவர்கள். ஒருவர், பிறர் சிரிப்பாரே என்று பயன் தரும் வழியைக் கைவிட்டார். மற்றவர், பிறர் என்ன சொன்னால் என்ன என்று மீண்டும் பலகையின் முன் அமர்ந்தார். தோல்வி செய்யும் கேட்டைவிட, தோல்வியைக் குறித்த நாணம் செய்யும் கேடே பெரிது என்பதுதான் இந்த வரலாறுகளிலிருந்து நான் கண்ட உண்மை.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே! இந்த நாணம் பிள்ளைகளுக்குப் பிறவியில் வருவதன்று. தோற்ற குழந்தை ஒரு நாழிகை அழும். பின்னர்ப் பந்தைத் தேடி ஓடும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தை அதற்கு ஊட்டுபவர்கள் நாமே. புலம்பெயர்ந்து வந்த நமக்கு அந்த அச்சம் மற்றவர்களினும் சற்று மிகுதி. பொம்மசந்திரத் தொழிற்சாலைகளிலும் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் உழைக்க நாம் இங்கு வந்தோம். கன்னட நாடு நம்மை அன்போடு ஏற்றுக்கொண்டது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழகம். ஒரே இரவில் ஊர் போய்ச் சேரலாம். ஆயினும் தொழிலில் நட்டம் வந்த ஆண்டில், வேலை போன ஆண்டில், பொங்கலுக்கும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஊருக்கு என்ன முகத்தோடு போவது என்பது அவர்கள் கேள்வி. வேலை இழந்த செய்தியை மனைவி மக்களிடம் சொல்லாமல், நாள்தோறும் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மாலை வரை எங்கேனும் அமர்ந்திருந்து திரும்பிய தந்தையரையும் அறிவேன். அவர்களை நான் குறை கூறேன். அவர்கள் பட்ட வேதனையை நினைத்தால் கண் கலங்குகின்றது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தோல்வி என்பது ஒளித்து வைக்க வேண்டிய களவுப் பொருள் என்றுதானே?

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். பிள்ளை மைதானத்திலிருந்து வந்தவுடன் “ஜெயித்தாயா?” என்று கேளாதீர்கள், “எப்படி ஆடினாய்?” என்று கேளுங்கள். தோற்று வந்தால் நடுவர்மேல் பழி போட்டுத் தேற்றாதீர்கள். எங்கே தவறியது என்று அப்பிள்ளையே கண்டு சொல்ல விடுங்கள். மூன்றாவதாக, உங்கள் வாழ்வின் தோல்விகளை அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில் எடுத்துச் சொல்லுங்கள். தந்தையும் தோற்றவர், தாயும் தோற்றவர், எனினும் அடுப்பு எரிகின்றது, வீடு நடக்கின்றது என்று அறிந்த பிள்ளை எந்தத் தேர்வு முடிவுக்கும் நிலைகுலையாது.

பெரியவர்கள் தோற்பதைச் சிறியவர்கள் பார்ப்பதால் கேடு வருமோ என்று ஐயுற வேண்டா. 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் அமர்ந்து ஆடினர். வெளியே பார்வையாளர் நடுவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நின்று அந்தக் கண்ணாடிக்குள் நோக்கினான். தன் ஊரின் மாவீரர் தோற்பதை அவன் கண்டான். அக்காட்சி அவனைச் சதுரங்கத்திலிருந்து விரட்டவில்லை. ஒரு நாள் தானும் அந்தக் கண்ணாடிக்குள் அமர வேண்டும் என்னும் ஆவலையே தந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில், சீன வீரர் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகப் பட்டத்தை ஏற்ற குகேஷ்தான் அந்தச் சிறுவன்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.